முப்பத்தாறு பொட்டு

காலையில் கண் விழித்ததும் சின்னையா சாமியைப் பார்க்க மாட்டார், மீட்டரைத்தான் பார்ப்பார். அவர் குடியிருக்கும் வேனின் உள்பக்கத் தகரத்தில் பதித்த சின்ன வட்டக் கண்ணாடி, அதற்குள் பேட்டரியின் வோல்ட்டைக் காட்டுகிற ஒரு முள். முள் பன்னிரண்டைத் தாண்டி நின்றால் அன்றைக்குப் பயமில்லை. கீழே இறங்கினால் அமராவதியின் மூச்சுக்கு ஆபத்து. விஷயம் அவ்வளவுதான், இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

அமராவதி அவர் மனைவி. முப்பது வருஷம் ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவள், வாயில் வெற்றிலை இல்லாமல் யாரும் பார்த்திராதவள். அவள் குரல் எஸ்டேட் லயத்து வரிசையில் ஆறு வீடு தாண்டிக் கேட்கும். சண்டை என்று வந்துவிட்டால் வேலை வாங்குகிற மண்டோரே பாதை மாறிப் போவார். அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் துளை போட்டு, விரல் நீளத்துக்கு ஒரு குழாயைச் செருகி அனுப்பிவிட்டார்கள். இனி மூச்சு அது வழியாகத்தான். பேச்சு போனது போனதுதான்.

குழாய்க்குள் அடிக்கடி சளி கட்டும். கட்டினதும் ஒரு மெஷினை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூச்சு அடைத்துவிடும். பழைய ஆம்புலன்ஸில் இருந்து கழற்றிய மெஷின், கார் பேட்டரியில் ஓடக்கூடியது, சின்னையாவுக்குக் கிடைத்தது. ஒரு முனையில் ரப்பர் குழாய், நடுவில் ஒரு கண்ணாடி ஜாடி. வார்டில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி அதைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டுக் கறாராகக் கேட்டாள். "இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் இருக்கிற எடமா ஐயா? இல்லன்னா அனுப்ப மாட்டோம்."

அந்தக் கேள்வியை வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் பரவாயில்லை. சின்னையா அசாம் ஜாவா என்கிற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் எஞ்சின் வீட்டுக்காரராக இருந்தவர். மாலை ஆறு மணிக்கு எஞ்சினைக் கிளப்பி லயத்துக்கு வெளிச்சம் கொடுத்ததும் அவர்தான், பத்து மணிக்கு அதை நிறுத்தி எல்லாரையும் இருட்டில் தள்ளியதும் அவர்தான். அப்படியே இருபத்தெட்டு வருஷம் ஓடியது. சளி பத்து மணி பார்த்தா கட்டுகிறது?

கரண்ட் உள்ள இடம் ஒன்று இருக்கத்தான் செய்தது. மகள் சந்திரிகா ரவாங்கில் ஃபேக்டரி வேலை பார்க்கிறாள். அவளோடு இன்னும் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால் எந்நேரமும் யாராவது ஒருத்தி வீட்டில் இருப்பாள். அம்மாவைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெண்கள் மட்டும் இருக்கிற வீடு. ஆம்பளை வாசற்படி தாண்டக் கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் சாவி கொடுத்தார். மூன்று பேர் இருக்க வேறு வீடு எடுக்க சந்திரிகாவின் சம்பளம் இடம் கொடுக்காது. அமராவதி ரவாங் போனால் சின்னையா இங்கே தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

"போக மாட்டேன்" என்று அமராவதி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். தெரியாத ஊரில் கழுத்தில் துளையோடு நடந்தால் ஊரே வெறிக்கும். இங்கே எல்லாருக்கும் அவளைத் தெரியும். அதைவிட, அவரை விட்டுவிட்டு இருக்க அவளுக்கு மனசில்லை. அவருக்கு மட்டும் இருந்ததா என்ன?

"இருக்குங்க மிஸ்ஸி. இருபத்து நாலு மணி நேரமும் இருக்கு" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார் சின்னையா.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த வேனை நம்பித்தான் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரனும் அவன் மனைவியும் எங்கேயோ கிளம்பி நாடு நாடாக ஓட்டிக்கொண்டு வந்த வேன் அது. உள்ளேயே கட்டில், அடுப்பு, அலமாரி என்று ஒரு குடும்பம் நடத்துகிற மாதிரி வண்டி. எஸ்டேட் வாசலுக்கு வந்ததும் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. ஒரு வாரம் மல்லுக்கட்டிப் பார்த்தார்கள், சின்னையாவும் கூட நின்று பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வாரம் சோறு போட்ட அமராவதியின் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு, வேனை அவர்களுக்கே கொடுத்துவிட்டுப் போனான் அந்த ஆள். வேலையில் இருந்து ஓய்வு கொடுத்து லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னபோது, அதை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து பழைய பந்துத் திடலின் ஓரத்தில் நிறுத்தினார் சின்னையா. ஓடாத வேன். ஆனால் வீடு.

திடலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே மர நிழல் இல்லை. வேனோடு ஒரு சோலார் பலகை வந்தது. கதவு அகலக் கண்ணாடிப் பலகை, அதற்குள் கருநீலத்தில் வட்ட வட்டமாக முப்பத்தாறு சில்லுகள். வெயில் பட்டால் கரண்ட் ஊறும், ஊறியது இரண்டு லோரி பேட்டரிகளில் போய்ச் சேரும். எண்ணெய் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. எஞ்சினோடு காலம் தள்ளிய மனுஷனுக்கு முதலில் நம்பிக்கையே வரவில்லை. "என்னா இது, வெயில்ல காயப்போட்டா கரண்ட் வருமா? யார் காதுல பூ சுத்துற?" என்று ஜெர்மன்காரனிடம் தமிழிலேயே கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே ஒயரை எடுத்து பல்பில் வைத்துக் காட்டினான். பிறகு ஒரு இலையைப் பறித்து ஒரே ஒரு வட்டத்தின் மேல் வைத்தான். பல்பு மங்கிப் போனது. எல்லா வட்டமும் ஒரே சரமாகக் கோத்தவை, ஒன்றை மூடினால் மற்ற முப்பத்தைந்தும் சேர்ந்து படுத்துவிடும். சின்னையாவுக்கு அது உடனே புரிந்தது. திருவிழா பல்புச் சரத்தில் ஒன்று போனால் சரமே அணைகிற கதைதான்.

அமராவதி ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் பலகையை மரச்சட்டத்தில் சாய்த்து வைத்து, காலையில் கிழக்கே, மத்தியானம் மேலே, சாயங்காலம் மேற்கே என்று திருப்பிக்கொண்டே இருப்பார். காக்காய் எச்சம் போட்டால் ஓடிப்போய்த் துடைப்பார். ஏழு மாதம் இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட மெஷின் நின்றதில்லை. சும்மா சொல்லக் கூடாது, கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐப்பசி பிறக்கிற நேரம் மழை பிடித்தது. நாலு நாள் வானம் மூட்டம். இரண்டு பேட்டரியில் ஒன்று ஏற்கெனவே செத்த நிலை, இன்னொன்றை வைத்துத்தான் மெஷின் ஓடியது. ஐந்தாம் நாள் நல்ல வெயில். அது ஆயுத பூஜை நாள்.

காலையிலேயே பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, குழாய் சுத்தம் பண்ணுகிற பஞ்சும் பூஜை சாமானும் வாங்கக் கோலசிலாங்கூருக்கு பஸ் ஏறினார். திரும்பி வரப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. திடலில் இறங்கி நடந்தவர் பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

முப்பத்தாறு வட்டத்திலும் முப்பத்தாறு பொட்டு. சந்தனத்தைக் குழைத்து ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு வைத்து, நடுவில் குங்குமம். மேல் வரிசையில் குறுக்கே மூன்று விபூதிப் பட்டை. நடு வரிசை தெரியவே தெரியாதபடி பெரிய செவ்வந்தி மாலை. பக்கத்தில் விரலெல்லாம் சந்தனமாக அமராவதி நின்றாள். அவரைப் பார்த்ததும் பலகையைக் காட்டி, தன் கழுத்தைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையையும் கூப்பினாள். இதுதானே எனக்கு மூச்சுக் கொடுக்குது, இதுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது? குரல் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அவள்மேல் தப்பு சொல்ல முடியாது. அந்த இலை விவரமெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர் சின்னையாதான். வேனுக்குள் போய் மீட்டரைப் பார்த்தார். முள் பன்னிரண்டுக்கு ஒரு நூல் மேலே. மத்தியான வெயில் முழுசும் பிடித்தால்தான் நாலு நாள் பள்ளம் நிறையும். வெளியே வந்து மாலையை எடுக்கக் கையைக் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்த லயத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். எஞ்சின் வீட்டில் இருந்தவரை வருஷா வருஷம் ஆயுத பூஜை அவர் கையால்தான் நடக்கும். எஞ்சினைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, அன்றைக்குச் சாயங்காலம் ஓட்டாமல் நிறுத்திவிடுவார். லயமே அகல் விளக்கில் இருக்கும், ஒருத்தர் முணுமுணுக்க மாட்டார்கள். "வருஷம் பூரா உழைக்கிறதுக்கு ஒரு நாள் ஓய்வு வேணும்லா" என்று வெள்ளைக்கார மானேஜரிடமே சொன்னவர் அவர். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிந்துதான் தொடலாம். அதில் ஒரு வருஷமும் அவர் மாறியதில்லை.

பால்வெட்டுக் கத்தியோடு வந்த ராஜு பலகையைப் பார்த்துவிட்டு, "என்னா அண்ணே, எஞ்சினை விட்டுட்டு இப்ப சூரியனையே பிடிச்சுக் கட்டிப்போட்டுப் பொட்டு வச்சிட்டீங்க!" என்றான். புஷ்பவள்ளி தையல் கத்தரியைச் சட்டத்தின் காலடியில் வைத்துவிட்டு, "ஒண்ணுகூட விடாம வச்சிருக்கு பாரேன் அக்கா, கண்ணே பட்டுரும்" என்று அமராவதியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அமராவதி சிரித்தாள். சத்தம் வரவில்லை, குழாயில் காற்று மட்டும் புஸ்புஸ் என்று வந்தது. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்க்கிறார் சின்னையா. நீட்டின கையை மடக்கிக்கொண்டார். இந்தச் சிரிப்புக்கு முன்னால் போய் மாலையை உருவுகிற அளவுக்கு அவருக்குக் கல் மனசு இல்லை. ஒரு நாள்தானே? ராத்திரிக்கு மூன்று தடவை மெஷின் போட வேண்டிவரும், மிஞ்சினால் நாலு தடவை. பேட்டரி தாங்கும். காலை ஏழு மணிக்கு மறுபூஜை, ஏழேகாலுக்குத் துடைத்துவிடலாம். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டார். அப்புறம் கற்பூரத்தைக் கொளுத்தினார்.

அமராவதி அன்று ராத்திரி ஆறு தடவை எழுந்தாள். பூஜைப் புகை ஒத்துக்கொள்ளவில்லையோ, ஈரக் காற்றோ, சளி கட்டிக்கொண்டே இருந்தது. கடைசித் தடவை மெஷின் இழுத்த இழுப்பே சரியில்லை. விடிந்தால் மழை. சாதா மழையில்லை, திடலே தெரியாத மழை. மறுபூஜைக்குக் கற்பூரம் பற்றவைக்க முடியவில்லை. மழை நிற்கட்டும், ஒரு நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று கதவோரம் காத்திருந்தார். ஏழரை ஆனது. எட்டானது. சட்டத்தில் பலகை நனைந்துகொண்டிருந்தது. ஈரம் ஏறிய மாலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நகரவில்லை. சந்தனத்தில் பாதி கரைந்து கோடு கோடாக வழிந்தது, மீதி அப்படியே அப்பிக் கிடந்தது.

பின்னால் கட்டில் தகரத்தில் படபடவென்று தட்டுகிற சத்தம் கேட்டது.

அமராவதி எழுந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கை கழுத்தில். கண் பிதுங்கியிருந்தது. குழாயில் ஏதோ களக் களக் என்றது, மூச்சு உள்ளே போகவில்லை. சின்னையா ரப்பர் குழாயைச் செருகிக்கொண்டே சுவிட்சைத் தட்டினார். மெஷின் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. மறுபடி தட்டினார். முனகக்கூட இல்லை. முள் ஒன்பதுக்கும் கீழே கிடந்தது. வேறு பேட்டரிக்கு எங்கே போவது? ராஜுவின் ஹோண்டா கப் மோட்டார் சைக்கிள் பேட்டரி ஆறு வோல்ட், அது உதவாது. எஸ்டேட் லோரி கால் மைல் தள்ளி நிற்கிறது. ஓடினால் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவள் உதடு நீலம் பாரித்துக்கொண்டே வந்தது. கை அவர் சட்டையைப் பிடித்திழுத்தது. முப்பத்து மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள்.

ரப்பர் குழாயின் மறுமுனையை ஜாடியில் இருந்து பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு உறிஞ்சினார்.

வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றில் இருந்து, இன்னொரு தடவை உறிஞ்சினார். வெதுவெதுப்பாக, கொழகொழவென்று, இரத்த வாடையோடு வாய் நிறைய வந்து விழுந்தது. துப்பினார். மறுபடி உறிஞ்சினார். துப்பினார். எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. ஒரு கட்டத்தில் அவள் நெஞ்சு பெரிதாக ஏறியது. குழாய் வழியே காற்று விஸ்ஸென்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. சின்னையா கட்டிலின் கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அப்படியே வாய் விட்டு அழுதார். அவர் அழுது அமராவதி அதுவரை பார்த்ததில்லை.

மூச்சு நிதானத்துக்கு வந்ததும் அவள் இறங்கி வந்தாள். செம்புத் தண்ணீரைக் கொடுத்துக் கொப்பளிக்க வைத்தாள், முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தாள். கதவு வழியாகப் பலகையைப் பார்த்தாள். பிறகு, சந்தனம் படிந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

"மழைடி. மழையாலதான். பேட்டரி வேற கெழடு" என்றார் சின்னையா.

அவளிடமா கதை விடுவது? மழை தூறிக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் போய், மாலையைப் பிய்த்து எறிந்தாள். முந்தானையால் ஒவ்வொரு பொட்டாகத் துடைத்தாள், முப்பத்தாறையும். ஈரத்தில் நிற்காதே என்று அவர் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை. பத்து மணிக்கு மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. மத்தியானத்துக்கெல்லாம் மெஷின் மெதுவாக இழுக்க ஆரம்பித்துவிட்டது.

அப்போது அவள் அவர் முன்னால் வந்து நின்று, தன் உள்ளங்கையை அவர் வாயின்மேல் வைத்து அழுத்தினாள். சொல்லக் கூடாது. சந்திரிகாவிடம் சொல்லவே கூடாது. சின்னையா தலையாட்டினார். அவருக்கும் சொல்கிற எண்ணம் இல்லை. பார்த்தது யார்? ஒருத்தரும் இல்லை.

இரண்டு மணிக்கு சந்திரிகா வாடகைக் காரில் வந்து இறங்கினாள். லீவு கிடைத்தால் வந்துவிடுவாள். அம்மாவுக்குக் கழுத்து மூடிய இரண்டு ரவிக்கை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். காரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நேரே போய் மீட்டரைப் பார்த்தாள். வெயிலில் முள் நிமிர்ந்து நின்றது.

"மெஷின்லாம் ஓகேவாப்பா?"

"ஓகேலா. அதுக்கென்னா."

சந்திரிகா கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஷிப்ட்ல நிக்கிறப்பகூட இதே நெனப்புதான்பா. கரண்ட் நின்னா அம்மா என்னா பண்ணும், அப்பா என்னா பண்ணுவாருன்னு. ஏழு மாசமா நல்லா தூங்கினதில்ல." அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆனா நீங்க ஒரு நாளும் விடல. என்னாலகூட இப்படிப் பார்த்துக்க முடியாது. இனிமே ரவாங் வாங்கன்னு நான் கேக்க மாட்டேன்பா. நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க."

ஏழு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சின்னையா அந்தப் பலகையை வெயிலோடு வெயிலாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இப்போது அது கைக்கு வந்துவிட்டது. அமராவதியின் முகம் மலர்ந்து போயிருந்தது. அவர் வாயில் மட்டும் இன்னும் அந்த இரத்த வாடை போகவில்லை. நாளைக்கு மழை வரும். ஐப்பசி முழுக்க வரும், கார்த்திகையும் வரும். அவருக்கும் மூச்சு முன்னை மாதிரி இல்லை. அடுத்த தடவை உறிஞ்சி வராவிட்டால்?

"காலையில செத்துருப்பாம்மா" என்றார்.

சந்திரிகாவுக்குப் புரியவில்லை. "யாருப்பா?"

"உங்கம்மாதான். மெஷின் நின்னு போச்சு. வாயால உறிஞ்சி எடுத்தேன். கொஞ்சம் தப்பியிருந்தா இந்நேரம் நீ வந்து அழுதுகிட்டு இருந்திருப்பே." பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "தப்பு என்னோடது. தெரிஞ்சே விட்டேன். கூட்டிக்கிட்டுப் போயிரும்மா. இன்னைக்கே. கார் நிக்குதில்ல?"

அமராவதி எழுந்தாள். வந்த வேகத்தில் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். கண்ணில் நீர் கொட்ட, உதடு என்னென்னவோ திட்ட, மறுபடி அடித்தாள். குழாய் வழியாகக் காற்று மட்டும் சீறிச் சீறி வந்தது. "அம்மா, விடும்மா" என்று சந்திரிகா பிடித்திழுத்தாள்.

சின்னையா மகளின் கையை விலக்கிவிட்டார். கொஞ்சம் முன்னால் வந்து நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"விடும்மா, அடிக்கட்டும்" என்றார். "அடி அமரா. நல்லா அடி. மூச்சு இருக்கு, அடிக்கிற."